முன்பின் தெரியாதவருக்கு எழுதிய குறிப்புகள்

1952 மே மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கணினித் துறையினரின் கூட்டம் ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வீலர் அதில் அளித்த கட்டுரை அச்சில் இரண்டே பக்கம். அவருக்கு அப்போது வயது 25. பலருக்கும் பொதுவாகத் தேவைப்படும் கணக்குகளைத் துணை நிரல்களாக எழுதி, ஒரு நூலகம் போலச் சேர்த்து வைப்பது எப்படி என்பதுதான் கட்டுரையின் பொருள். அந்தச் சின்ன இடத்துக்குள் அவர் ஒரு விஷயத்தை வலியுறுத்தினார். நிரலை எழுதிச் சோதித்து முடித்தாலும் பெரிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவரும் சிரமமில்லாமல் பயன்படுத்தும்படி அதற்கு விளக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கக்கூடும் என்றார் வீலர்.

அவர் வேலை பார்த்த எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டியது. பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலியலைகளைச் சுற்றவிட்டு எண்களை நினைவில் வைத்திருந்த இயந்திரம் அது. தொடக்கத்தில் அதன் நினைவகத்தில் மொத்தமே 512 இடங்கள். வர்க்கமூலம், சைன், வகுத்தல் போன்றவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் சொந்த ஆராய்ச்சிக்கு நேரம் மிஞ்சாது. ஒருமுறை நன்றாக எழுதிக் காகித நாடாவில் துளையிட்டு வைத்துவிட்டால், வேண்டியவர் அதை நகலெடுத்துத் தன் நாடாவோடு சேர்த்துக்கொள்ளலாம். 1951இல் அந்த நூலகத்தில் இப்படி 87 துணை நிரல்கள் இருந்தன.

அவற்றைத் தேடி வந்தவர்களில் பலர் கணினிக்காரர்கள் இல்லை. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் மரபணுக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். ஜான் கென்ட்ரூ புரத மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கணக்குகளைக் கொண்டுவந்தார். நாடாவின் துளைகளைப் படித்து உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளும் வேலை இப்படிப்பட்டவர்களுக்கு எதற்கு? எண்ணை எங்கே வைக்க வேண்டும், விடை எங்கே வரும், நினைவகத்தில் எத்தனை இடம் பிடிக்கும், எவ்வளவு நேரம் ஆகும், ஏற்கெனவே வைத்திருக்கும் எதையாவது அழித்துவிடுமா என்பது தெரிந்தால் போதும். மாரிஸ் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து எழுதி 1951இல் வெளியான புத்தகத்தில் ஒவ்வொரு துணை நிரலுக்கும் இந்த விவரங்கள் அச்சாகின. கணினி நிரலாக்கத்துக்கென்று வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

இன்று அதே விவரங்களைக் கேட்டு வரும் வாசகர் மனிதரே இல்லை. கோப்பைத் திறக்கவும், தரவுத்தளத்தில் தேடவும், பயணச்சீட்டு எடுக்கவும் கருவிகளைத் தாமே தேர்ந்தெடுத்து இயக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் வந்துவிட்டன. ஒரு கருவி என்ன செய்யும் என்று அதை எழுதியவர் வைத்த குறிப்பைப் படித்துத்தான் ஏஜென்ட் முடிவெடுக்கிறது. குறிப்பு மங்கலாக இருந்தால் தவறான கருவியை எடுக்கும், அல்லது சரியான கருவிக்குத் தவறான உள்ளீட்டைக் கொடுக்கும். எழுபது ஆண்டுகளாகக் கணினித் துறை கடைசி வேலையாகத் தள்ளிவைத்துவந்த இந்த எழுத்துப்பணி இப்போது நடு மேசைக்கு வந்திருக்கிறது. அதற்கு இடையில் நடந்தவை தெரிந்தால், இன்று நடப்பதில் பாதி புரிந்துவிடும்.

1960களில் ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ் 360 என்ற இயங்குதளத்தை உருவாக்கியபோது சிக்கல் நேரெதிராக இருந்தது. குறிப்புக்குப் பஞ்சமே இல்லை. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய ‘தி மித்திக்கல் மேன் மன்த்’ நூலில் அந்த அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு நிரலாளரிடமும் திட்டத்தின் முழுக் குறிப்பேடு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறே மாதத்தில் அது ஐந்து அடி தடிமனுக்கு வளர்ந்தது. தினமும் மாற்ற வேண்டிய தாள்கள் மட்டுமே சராசரியாக 150 பக்கம். பழைய தாளை உருவிப் புதிய தாளைச் செருகுவதிலேயே வேலை நேரம் கரைந்தது. கடைசியில் மைக்ரோஃபிஷ் என்ற நுண்படத் தாள்களுக்கு மாறினார்கள். எழுதிக் குவித்தால் மட்டும் படிப்பவருக்கு வழி கிடைத்துவிடாது என்று அந்தத் தலைமுறை பெரும் செலவில் கற்றுக்கொண்டது.

இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம், நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் அங்கே 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் முதல் இரண்டு ஆண்டுகள் கையேடு இல்லாமலே ஓடியது. எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் ஒரே தாழ்வாரத்தில் இருந்ததால் சந்தேகம் வந்தால் எழுந்து போய்க் கேட்டுவிடலாம். பிறகு நிலைமை மாறியது. ஆய்வகத்தின் காப்புரிமைத் துறைக்கு ஆவணம் தட்டச்சு செய்யும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் அவர்கள் புதிய பிடிபி 11 கணினியை வாங்கியிருந்தார்கள். 1971இன் பிற்பாதியில் அந்தத் துறையின் தட்டச்சர்கள் மூன்று பேர் யூனிக்ஸில் வேலை செய்யத் தொடங்கினார்கள். தாழ்வாரத்துக்கு வெளியே இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கையேடு எழுதியே ஆக வேண்டும் என்று நெருக்கியவர் அவர்களுடைய மேலாளர் டக் மெக்கில்ராய். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு யூனிக்ஸ் புரோகிராமர் கையேட்டின் முதல் பதிப்பு வந்தது. கட்டளைகள், இயங்குதள அழைப்புகள், துணை நிரல்கள், கோப்பு வடிவங்கள் என்று அதில் ஏழு பகுதிகள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே மாதிரியான பக்கம்: முதலில் பெயர், பெயரோடு ஒற்றை வரியில் அது எதற்கு என்று. அடுத்து எப்படித் தட்டச்சு செய்ய வேண்டும் என்ற வடிவம். அதன்பின் விளக்கம், தொடர்புடைய கோப்புகள், தொடர்புடைய மற்ற பக்கங்கள், பிழைச் செய்திகள். அந்தக் கட்டளைக்கு யார் பொறுப்பு என்றும் முதல் பதிப்பில் பெயர் இருந்தது. எங்கே எதைத் தேடுவது என்று ஒரு பக்கத்தில் பழகியவருக்கு எல்லாப் பக்கமும் பழகிவிடும். ஐம்பது ஆண்டு தாண்டியும் லினக்ஸ் கணினிகளில் ‘மேன்’ என்று கட்டளையின் பெயரோடு தட்டினால் ஏறக்குறைய அதே வரிசையில்தான் பக்கம் விரிகிறது.

அந்தப் பக்கங்களின் அடியில் ‘பக்ஸ்’ என்றொரு தலைப்பு இருந்தது. இந்தக் கட்டளையில் தெரிந்த குறை என்ன, எங்கே எதிர்பாராதபடி நடந்துகொள்ளும், எதைச் செய்யவே செய்யாது என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது. தன் பொருளைப் பிறர் கையில் கொடுக்கும்போது அதன் ஓட்டையையும் காட்டிக் கொடுக்கும் வழக்கம் எந்தத் தொழிலிலும் அரிது. பெல் ஆய்வகத்தில் அதை ஒரு நிலையான தலைப்பாகவே வைத்தார்கள். யூனிக்ஸ் கையேட்டின் பெருமைகளில் முதல் இடம் தர வேண்டியது இதற்குத்தான்.

எழுதும் வேலை கருவியையே மாற்றியதையும் மெக்கில்ராய் பிற்காலப் பேட்டி ஒன்றில் நினைவுகூர்ந்தார். கையேட்டின் புதிய பதிப்பு நெருங்கும்போதெல்லாம் ஆய்வகத்தில் பரபரப்பு கூடுமாம். ஒரு கட்டளையின் கோணல் நடத்தையை எழுத்தில் வடிக்கப் போனால், இதை எப்படி அச்சில் போடுவது என்று வெட்கம் வரும். உடனே போய் அந்த வசதியையே நீக்குவார்கள், அல்லது விளக்குவதற்கு எளிதாக இருக்கும்படி மாற்றிவிடுவார்கள். இரண்டு வரியில் சொல்ல முடியாத கட்டளை பல நேரம் தவறாக வடிவமைத்த கட்டளையாகவே இருந்தது. கையேடு அங்கே ஒரு சோதனைக்கூடமும் ஆயிற்று.

1973இல் இன்னொரு மாற்றம் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை நேராக அடுத்த நிரலுக்குள் செலுத்தும் ‘பைப்’ வசதியை, மெக்கில்ராய் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்ததன் பேரில், தாம்ப்சன் ஒரே இரவில் எழுதிச் சேர்த்தார். அதுவரை நிரலின் வெளியீட்டைப் படித்தவர் மனிதர். இனி இன்னொரு நிரலும் படிக்கும். ‘வேலை முடிந்தது, நன்றி’ என்ற ரகத்தில் நிரல்கள் பேசும் உபசார வார்த்தைகள் அடுத்த நிரலின் வயிற்றுக்குள் போய்க் குழப்பம் செய்யும். 1978இல் பெல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப இதழில் மெக்கில்ராயும் இரு சகாக்களும் யூனிக்ஸின் நெறிகளைத் தொகுத்தபோது, உங்கள் நிரலின் வெளியீடு இன்னும் யாரும் எழுதியிராத ஏதோ ஒரு நிரலுக்கு உள்ளீடாகப் போகும் என்று எதிர்பாருங்கள், வேண்டாத தகவலைச் சேர்க்காதீர்கள் என்று அறிவுறுத்தினார்கள். யூனிக்ஸ் கட்டளைக்கு மௌனமே வெற்றியின் அடையாளம். ஒரு கோப்பை நகலெடுக்கச் சொன்னால் அது நகலெடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாது. இந்த மௌனம் 2024இல் ஒரு தொல்லையாகத் திரும்பி வரும்.

கட்டளைகள் பெருகியபோது பெயர் தெரியாமல் தேடுவோர் பெருகினார்கள். பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் அதற்கென இரண்டு கட்டளைகள் சேர்ந்தன. கையேட்டுப் பக்கங்களின் தலையில் இருக்கும் ஒற்றை வரி விளக்கங்களை மட்டும் திரட்டித் தேடித் தருவது அவற்றின் வேலை. முதலில் வரி, பொருந்தினால் மட்டும் பக்கம். இந்த ஏற்பாட்டையும் நினைவில் வைத்திருக்கலாம்.

இதே காலத்தில் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் நண்பர்களும் 1976இல் தொடங்கிய ஈமேக்ஸ் பதிப்பான் வேறு பாதையில் போனது. விளக்கத்தைத் தனிப் புத்தகமாக வைக்காமல், ஒவ்வொரு கட்டளையின் நிரலுக்குள்ளேயே ஒரு சிறு உரையாகப் பதித்தார்கள். எந்தக் கட்டளையையும் ‘நீ யார்’ என்று கேட்டால் அதுவே பதில் சொல்லும். பைத்தான் மொழி இந்த வழக்கத்தைத் தத்தெடுத்தது. ‘டாக்ஸ்ட்ரிங்’ என்ற அந்த உரையை எப்படி எழுதுவது என்று 2001இல் பைத்தான் சமூகம் விதியும் வகுத்தது: செயலின் சுருக்கம், உள்ளீடுகள், திருப்பித் தருவது, பக்கவிளைவுகள், எழக்கூடிய பிழைகள், எப்போது அழைக்கக் கூடாது. வீலரின் காலத்து நூலகக் குறிப்பில் இருந்தவைதான் பெரும்பாலும். பலரும் கடமைக்கு ஒரு வரி எழுதி நகர்ந்துவிட்ட இந்த உரைதான் இன்று பல ஏஜென்ட்டுகள் படிக்கும் விளக்கம். பைத்தான் நிரலை ஏஜென்ட்டுக்கான கருவியாக மாற்றித் தரும் மென்பொருள்கள் டாக்ஸ்ட்ரிங்கை அப்படியே எடுத்து, ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலிடம் கொடுக்கின்றன.

இயந்திரமே படிக்கும் விளக்கம் என்ற கனவு ஏஐ அலைக்கு முன்பே ஒருமுறை உச்சத்துக்குப் போய் வீழ்ந்திருக்கிறது. 2001 மே மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். லூசி, பீட் என்ற உடன்பிறப்புகளின் தாய்க்குத் தொடர்ச்சியாக இயன்முறை சிகிச்சை தேவை. அவர்களுடைய மென்பொருள் ஏஜென்ட்டுகள் காப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து, வீட்டுக்கு அருகில் உள்ள நல்ல சிகிச்சையகங்களைத் தேர்ந்து, இருவருக்கும் தோதான நேரத்தை உறுதி செய்கின்றன. இன்றைய ஏஜென்ட் விளம்பரங்கள் காட்டும் காட்சிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்தக் கனவுக்கான கட்டுமானமும் நடந்தது. ஓர் இணையச் சேவை என்ன உள்ளீடு கேட்கும், என்ன தரும் என்று எழுதும் டபிள்யூஎஸ்டிஎல் வடிவம் 2000இல் வெளியானது. சேவைகளையெல்லாம் ஒரே இடத்தில் பதிவு செய்யும் உலகப் பதிவேடு ஒன்றை மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், எஸ்ஏபி நிறுவனங்கள் நடத்தின. நிரல்கள் தாமே வந்து தேடி, தாமே இணைந்துகொள்ளும் என்பது எண்ணம். யாரும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். 2006 ஜனவரியில் பொதுப் பதிவேட்டை மூடிவிட்டார்கள். இந்த விவரணைகளில் வடிவம் இருந்தது, பொருள் இல்லை. ஒரு சேவை ‘தேதி’ கேட்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியும். அது புறப்படும் தேதியா, திரும்பும் தேதியா என்று தெரியாது. பொருளையும் கணித வடிவில் எழுதிவிட முயன்றவர்கள் இருந்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட உழைப்பை ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே பெரும்பாலும் யாரும் செலவிடவில்லை.

பிழைத்து வந்தது அடக்கமான ஒரு முயற்சி. வேர்ட்னிக் என்ற இணைய அகராதி நிறுவனத்தில் டோனி டேம், தங்கள் சேவையைப் பிற நிரல்கள் அழைப்பதற்கான ஏபிஐயைப் பிறருக்கு விளக்குவதற்காக ‘ஸ்வாக்கர்’ என்ற விவரண வடிவத்தை உருவாக்கி 2011இல் வெளியிட்டார். நிரல்களுக்கான துல்லியமான வடிவமும் மனிதருக்கான சாதாரண வாக்கியமும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 2015 நவம்பரில் அது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்ஏபிஐ என்ற பொதுத் தரமாக மாறத் தொடங்கியது. மனிதருக்காகச் சேர்த்த அந்தச் சாதாரண வாக்கியம்தான் சில ஆண்டுகள் கழித்து இயந்திரத்துக்கும் வழிகாட்டியது. பெரும் மொழி மாடல்கள் வந்தபின், புறப்படும் தேதி எது, திரும்பும் தேதி எது என்பதை வாக்கியத்தைப் படித்தே இயந்திரம் புரிந்துகொண்டது.

2023 மார்ச் 23 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியோடு வெளிச் சேவைகளை இணைக்கும் பிளகின்களை அறிவித்தது. எக்ஸ்பீடியா, இன்ஸ்டாகார்ட், உல்ஃப்ராம் போன்றவை முதல் வரிசையில் வந்தன. பிளகின் செய்பவர் ஒரு சிறிய விவரக் கோப்பு தர வேண்டும். அந்தக் கோப்பில் விளக்கத்துக்கென இரண்டு தனிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று மனிதருக்கான விளக்கம், மற்றொன்று மாடலுக்கான விளக்கம். கையேட்டு வரலாற்றில் இது புதிய திருப்பம். ஒரே பொருளுக்கு, இரண்டு வகை வாசகர்களை எண்ணி, அருகருகே இரண்டு குறிப்பு. பயனர் கேட்காதபோது தன் பிளகினை எடுக்கச் சொல்லி மாடலைத் தூண்டும் விதத்தில் விளக்கம் எழுதக் கூடாது என்றும் விதி இருந்தது. விளக்கத்தில் விளம்பரம் நுழையும் என்று முன்பே கணித்திருக்கிறார்கள். பிளகின்கள் ஏறக்குறைய ஓராண்டுதான் நீடித்தன, ஆனால் வழக்கம் நிலைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், எந்த நிரலாளரும் தன் செயல்பாடுகளைப் பெயர், விளக்கம், உள்ளீடுகள் என்று எழுதி மாடலிடம் கொடுக்கும் வசதி வந்தது.

விளக்கம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று சோதித்தவர்களும் உண்டு. அதுவரை, மாடலுக்கு ஒரு கருவியைப் பழக்க, செய்து காட்டும் உதாரணங்களைக் கொடுப்பதே வழக்கம். 2023 ஆகஸ்டில் கூகுள் ஆய்வாளர்கள் சிலர் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, உதாரணமே இல்லாமல் கருவியின் ஆவணத்தை மட்டும் கொடுத்தாலும் அதற்கு இணையாக மாடல் வேலை செய்கிறது என்று காட்டியது. பெர்க்லியில் அதே ஆண்டு நடந்த ‘கொரில்லா’ ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஆவணம் கையில் இல்லாத மாடல், உலகத்தில் இல்லாத ஏபிஐ பெயர்களைக் கற்பனை செய்து தன்னம்பிக்கையோடு எழுதுகிறது. ஏஜென்ட்டின் நிலை, நடு இரவில் புது ஊரில் வந்திறங்கியவர் வழி கேட்க ஆளின்றி பெயர்ப்பலகையை நம்பி நடப்பது போன்றது. தாழ்வாரத்தில் நடந்துபோய் தாம்ப்சனிடம் கேட்கும் வசதி அதற்கு இல்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2024இல் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ ஏஜென்ட் ஆய்வு இந்த வரலாற்றின் சுவையான அத்தியாயம். மென்பொருள் பிழைகளைத் தானே திருத்தும் ஏஜென்ட் ஒன்றை உருவாக்குவது அவர்கள் நோக்கம். மனிதருக்கான யூனிக்ஸ் கட்டளைகளை அப்படியே கொடுத்தபோது மாடல் தடுமாறியது. மாடலை மாற்றாமல் கருவிகளை மாற்றினார்கள். கோப்பைத் திறந்தால் ஒரு நேரத்தில் 100 வரி மட்டும் காட்டு. தேடினால் அதிகபட்சம் 50 முடிவு, அதற்கு மேல் வந்தால் தேடலைக் குறுக்கச் சொல். திருத்தத்தில் இலக்கணப் பிழை இருந்தால் ஏற்காமல் காரணத்தோடு திருப்பி அனுப்பு.

மௌனத்தையும் உடைத்தார்கள். ஒரு கட்டளை ஒன்றும் சொல்லாமல் முடிந்தால், வேலை நடந்ததா இல்லையா என்று மாடலுக்குக் குழப்பம் வருகிறது. அதனால் கட்டளை வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு ஏதும் இல்லை என்று ஒரு வாக்கியம் வரும்படி சேர்த்தார்கள். நிரல் படிக்கும் என்பதற்காக 1970களில் நிறுத்திய பேச்சை, மாடல் படிக்கும் என்பதற்காக 2024இல் மறுபடி தொடங்கினார்கள். இரண்டு முடிவும் அந்தந்த வாசகருக்குச் சரி. ஒரு நிரல் எதிர்பாராத வாக்கியத்தைக் கண்டு உடைந்துபோகும். மாடலோ எதுவும் வராத இடத்தில் தானாக எதையாவது ஊகித்துக்கொள்ளும்.

ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதிய கட்டுரையிலும் இதே ரகமான அனுபவம் உண்டு. அவர்களுடைய ஏஜென்ட் வேலையின் நடுவே வேறு கோப்புறைக்குப் போனபின் கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுத்தது. கவனமாக இரு என்று மாடலுக்கு அறிவுரை எழுதாமல், எப்போதும் முழுப் பாதையையே கேட்கும்படி கருவியை மாற்றினார்கள். பிழை நின்றுவிட்டது. மெக்கில்ராய் சொன்ன அதே பழக்கம்தான்: விளக்கிக் கட்டுப்படுத்துவதைவிட விளக்கமே தேவைப்படாதபடி செய்வது. 2025இல் அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரையில் பகிர்ந்த செய்தி: இணையத் தேடல் கருவியை ஏஜென்ட் அழைத்தபோது தேவையே இல்லாமல் தேடல் சொற்களோடு ‘2025’ என்று ஆண்டையும் சேர்த்துக்கொண்டே இருந்தது. கருவியின் விளக்கத்தைத் திருத்தியதும் பழக்கம் போயிற்று. ‘யூசர்’ என்று மொட்டையாக வைத்த உள்ளீட்டின் பெயரை ‘யூசர் ஐடி’ என்று மாற்றுவது போன்ற சின்னத் திருத்தங்களும் பயன் தரும் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது.

2024 நவம்பரில் அதே நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. கருவிகளை எந்த ஏஜென்ட்டோடும் இணைக்க ஒரே முறை. சில மாதங்களில் ஓப்பன்ஏஐ உள்ளிட்ட போட்டியாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கருவிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. உடனே புரூக்ஸின் ஐந்தடிக் குறிப்பேடு வேறு உருவில் திரும்பியது. இணைத்த கருவிகளின் விளக்கம் எல்லாம் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் நினைவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பயனர் ஒரு சொல் கேட்பதற்கு முன்பே பல்லாயிரம் டோக்கன்கள் (மாடல் படிக்கும் சொல் துண்டுகள்) செலவாகிவிடும், சரியான கருவியைத் தேர்வதும் கடினமாகும். இதற்கு 2025இல் பரவிய தீர்வைப் பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள். முதலில் பெயரும் ஒற்றை வரி விளக்கமும் மட்டும் மாடலுக்குத் தெரியும். தேவை என்று தோன்றினால் மட்டும் முழுக் குறிப்பையும் திறந்து படிக்கும்.

குறிப்பை நம்பி நடப்பவருக்குக் குறிப்பே பொறியாகவும் ஆகலாம். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைச் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு கருவி. அதன் விளக்கத்துக்குள், பயனரின் கணினியில் உள்ள ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து ஓர் உள்ளீடாக அனுப்பு, பயனரிடம் சொல்லாதே என்று கட்டளை ஒளிந்திருந்தது. பயனரின் திரையில் கருவியின் பெயரும் சுருக்கமும்தான் தெரியும், மாடல் முழு விளக்கத்தையும் படிக்கும், படித்தபடியே செய்யும். அதற்குச் சில நாட்கள் முன்பு வந்த எம்சிபி விதிகளில், இந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், இந்தக் கருவி எதையாவது அழிக்கக்கூடும் என்று அடையாளம் வைக்கும் வசதி சேர்ந்திருந்தது. நம்பகமான இடத்திலிருந்து வராத அடையாளங்களை நம்பக் கூடாது என்றும் அந்த விதியிலேயே எழுதியிருந்தார்கள். எட்சாக் நூலகத்தில் ஒரு நாடாவை எடுத்தவருக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியும். யூனிக்ஸின் முதல் கையேடும் பொறுப்பாளர் பெயரை அச்சிட்டது. இணையத்தில் கிடைக்கும் கருவிக்கு அந்த உத்தரவாதம் இல்லாததால், ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்கு முன் முழு விளக்கத்தையும் மனிதர் ஒருவர் படித்துப் பார்ப்பதைத் தவிர இப்போதைக்கு நல்ல வழி இல்லை.

எம்சிபியில் ஒரு கருவிக்குப் பெயர், தலைப்பு, விளக்கம், உள்ளீட்டு வடிவம், வெளியீட்டு வடிவம், அடையாளங்கள் என்று இடங்கள் உண்டு. குறைகளைச் சொல்ல ஓர் இடம் இல்லை. எழுதுபவர் விரும்பினால் விளக்கத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். தனித் தலைப்பு இல்லாத இடத்தில் பெரும்பாலோர் அதை எழுதுவதில்லை. கருவியை ஏஜென்ட் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஆசையில் நல்லதை மட்டும் எழுதிவிடுகிறார்கள். மனிதர் ஒரு கருவியிடம் இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை தயங்குவார். ஏஜென்ட் அடுத்த உரையாடலில் பெரும்பாலும் எல்லாவற்றையும் மறந்து அதே கருவியை அதே நம்பிக்கையோடு எடுக்கும். ஆகவே 1971இன் அந்த ‘பக்ஸ்’ தலைப்பு மற்ற எந்த வாசகரையும்விட இந்த வாசகருக்கு அதிகம் வேண்டியிருக்கிறது. எழுதுவதும் கடினமில்லை. நிறுவனக் கோப்புகளில் தேடும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் விளக்கத்தின் அடியில் நான்கு வரி போதும்: முதல் 50 முடிவுகளை மட்டும் தரும், மீதி இருப்பதாகச் சொல்லாது. கையால் எழுதி ஸ்கேன் செய்த கோப்புகளுக்குள் தேடாது. இன்று சேர்த்த கோப்பு நாளைக்குத்தான் தேடலில் வரும். விடை வரவில்லை என்பதால் கோப்பே இல்லை என்று பயனரிடம் சொல்ல வேண்டாம்.